பழைய வால்வு ரேடியோவுக்குப் புதுப் பின்மூடி: வெட்டு அருமை, எழுத்து சுமார்

என் பிலிப்ஸ் வால்வு ரேடியோவுக்கு (டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடாகும் கண்ணாடிக் குழாய்கள் உள்ள பழைய ரகம்) முன்பக்கம் பளபளவென்று இருக்கிறது, பின்மூடி பாதிதான் இருந்தது. அழுத்திய அட்டையில் செய்த மூடி. வருஷக்கணக்கில் சூடு பட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்து, திருகு போடும் மூலைகளில் முதலில் உடையும். அளவு கொடுத்தால் லேசரில் வெட்டித் தரும் ஒரு சேவையிடம் புதிதாகச் செய்யச் சொன்னேன்.

வேலை தெரிந்தவர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. செல்போனில் எடுத்த படம் வேண்டாம், ஓரங்கள் சாய்ந்துவிடும் என்றார்கள். உடைந்த துண்டுகளை ஸ்கேனரில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் போட்டு அனுப்பச் சொன்னார்கள். அப்புறம், இல்லாத பாதிக்கு நேரே எந்த வால்வு இருக்கிறது என்று கேட்டார்கள். அங்கேதான் ஸ்பீக்கரை ஓட்டும் யுஎல்84 வால்வு இருக்கிறது. அதன் ஹீட்டர் மட்டுமே 45 வோல்ட், 100 மில்லிஆம்பியர், அதாவது 4.5 வாட். ஒட்டினாற்போல, ஏசியை டிசியாக்கும் யுஒய்85 ரெக்டிஃபையர் வால்வு வேறு. கீழ்த் துளைகள் வழியே காற்று உள்ளே போய், மேலே சூடாக வெளியேற வேண்டும். அழகுக்காக நடுவில் மட்டும் துளை போட்ட மூடிகளைப் பார்த்திருக்கிறேன், அவற்றில் இந்தக் காற்றோட்டம் சரியாக நடக்காது. அதற்காக மூடாமலே விடலாம் என்று சொல்லவும் முடியாது. இது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். சேசிஸ், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டம், நேரடியாக மெயின்ஸோடு (வீட்டுக் கரண்ட்) சேர்ந்தது, பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸைத் தொட்டாலே ஷாக். ஆக, காற்று போக வேண்டும், விரல் போகக் கூடாது. நீளமான, ஒடுக்கமான பிளவுகளாக வெட்டித் தந்தார்கள். ஏரியல், எர்த், பிக்கப் (கிராமஃபோன் இணைப்பு) துளைகளும் கச்சிதம். திருகுத் துளைகள் எதையும் அரத்தால் ராவ வேண்டிவரவில்லை.

பொருள் 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு, மரநாரைக் கெட்டியாக அழுத்திய பலகை. எம்டிஎஃப்பும் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) உண்டு என்றார்கள். நான் எடுக்கவில்லை, ஈரம் பட்டால் ஊதும், ஓரத்துத் திருகை முறுக்கினால் பிளக்கும்.

குறை இரண்டு. லேசர் வெட்டிய விளிம்பெல்லாம் கரி. கை கறுப்பதோடு போனால் பரவாயில்லை, கரி மின்சாரத்தைக் கடத்தும். மெயின்ஸ் முனைகளுக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது. நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்த பிறகே மாட்டினேன். இதை அவர்களே செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்து. மாடல் எண்ணும் வோல்டேஜ் எச்சரிக்கையும் வெள்ளையில் அச்சடித்துத் தந்தார்கள். எழுத்துரு இன்றைய கம்ப்யூட்டர் ரகம், பழைய செட்டின் முதுகில் ஒட்டவே இல்லை. ஹார்டுபோர்டின் சொரசொரப்பில் மசியும் கசிந்திருக்கிறது. வெறும் பலகையாக வாங்கி, எழுத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் செட் மாதிரி சாதாரண மூடி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஏரியல் கம்பியே மூடியில் சுற்றியிருக்கும் செட்டுகளுக்கும், மூடியைக் கழற்றினால் கரண்ட் துண்டிக்கும்படி மெயின்ஸ் வயரை மூடியிலேயே ரிவெட் அடித்த செட்டுகளுக்கும் இவர்கள் பலகை மட்டும்தான் தருவார்கள். கம்பியையும் பிளக்கையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும், அதனால் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.