ரெயூனியன்–சென்னை: தாமதமானால் எந்த டிக்கெட் கைகொடுக்கும்?

ஊரில் கல்யாணம் என்றால், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து கிளம்புபவர்கள் டிக்கெட் விலையை மட்டுமே பார்க்கிறார்கள். பிரெஞ்சு விமான நிறுவனமா, மொரிசியஸ் விமான நிறுவனமா என்பதில் இன்னொரு கணக்கும் உண்டு.

போகும்போது இரண்டும் ஒன்றுதான். ரெயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் மண் என்பதால், அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் ஒன்றியத்தின் பயணி இழப்பீட்டு விதியான 261/2004 பொருந்தும். சென்னையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கினால் நிறுவனம் 600 யூரோ இழப்பீடு தர வேண்டும். தாமதம் மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். மொரிசியஸில் விமானம் மாறினாலும், ஒரே முன்பதிவாக இருந்தால் சென்னை சேரும் நேரமே கணக்கு. வேடிக்கை என்னவென்றால், இதைவிட இரு மடங்கு தூரமுள்ள பாரிசுக்கு 400 யூரோதான். அது ஒன்றியத்துக்குள் நடக்கும் பயணமாம்!

திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். சென்னையிலிருந்து வரும் விமானத்தை பிரெஞ்சு நிறுவனம் இயக்கினால் அதே 600 யூரோ. மொரிசியஸ் நிறுவனம் இயக்கினால் அந்த விதி இல்லை. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைதான். அதில் நிர்ணயித்த தொகை கிடையாது. ஓட்டல் பில், டாக்சி ரசீது என்று நஷ்டத்தை நாமே நிரூபிக்க வேண்டும். வழக்குத் தொடர இரண்டே ஆண்டுதான் அவகாசம். டிக்கெட்டை விற்றவர் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், விமானத்தை இயக்குபவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும்.

புயலால் ரத்தானால் எந்த டிக்கெட்டிலும் 600 யூரோ வராது. ஆனால் ஐரோப்பிய விதி பொருந்தும் பயணத்தில் சாப்பாடும் அறையும் தந்தே ஆக வேண்டும். புயல் காலமான ஜனவரி, பிப்ரவரியில் திரும்புவதாக இருந்தால், ஐம்பது யூரோ கூடுதலானாலும் நான் பிரெஞ்சு டிக்கெட்டைத்தான் வாங்குவேன்.