செயின் பின்னைக் கழற்ற: சம்மட்டியா, பிரஸ்ஸா?

ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரி புல்டோசரோ, அம்பாசமுத்திரத்தில் குளம் தூர்வார வந்த செயின் வண்டியோ, சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினைப் பிரிக்க, அதன் இரு முனைகளையும் இணைக்கும் ஆணியான மாஸ்டர் பின் வெளியே வந்தாக வேண்டும்.

சம்மட்டி வழி எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் இரும்புத் துண்டைப் பின்மேல் பிடிக்க, இன்னொருவர் அடிப்பார். செலவில்லை, குளத்துக்குள்ளேயே வேலை முடியும். ஆனால் பதம் ஏற்றிய இரும்பை இரும்பால் அடித்தால் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடச் சொன்னால் "பழகிப்போச்சு அண்ணாச்சி" என்பார்கள். சில்லுக்கு அது தெரியுமா? பின்னின் தலை விரிந்துகொண்டால் துளைக்குள் இன்னும் இறுகும். கேஸ் வைத்துச் சூடுபண்ணினால் லிங்க்கின், அதாவது செயின் கண்ணியின், பதம் போய்விடும், கசிவைத் தடுக்கும் சீலும் கருகும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ் பின்னை நேராகத் தள்ளுவதால் லிங்க் துளை கெடாது. 100 டன் அழுத்தம் தரும் கையடக்க வகைகளும் உண்டு. கையடக்கம் என்பது பெயருக்குத்தான், சேற்றில் சுமப்பவரைக் கேட்க வேண்டும்.

எதுவானாலும் முதலில் செயினை இறுக்கிப் பிடிக்கும் கிரீஸின் வால்வை மெதுவாகத் தளர்த்தி டென்ஷனை இறக்க வேண்டும். முகத்தை நேரே காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மாஸ்டர் பின் ஒன்று மட்டும் என்றால் நான் சம்மட்டிதான் எடுப்பேன். ஒரு பக்கம் தேய்ந்த பின்னையும், அதன்மேல் உள்ள குழாயான புஷ்ஷையும் அரைச்சுற்று திருப்பிப் போடுவதென்றால் ஒவ்வொரு கண்ணியும் கழல வேண்டும். அப்புறம் யோசிக்காமல் செயினை லாரியில் ஏற்றி, பிரஸ் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடலாம்.