கத்தி தீட்டும் ஸ்டாண்டு: விலை கூடியதற்கு மாறலாமா?

கம்பியும் கிளாம்பும் வைத்துக் கோணம் பிசகாமல் கத்தி தீட்டும் ஸ்டாண்டு ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். கிளாம்ப் கத்தியைப் பிடித்துக்கொள்ளும், கம்பியில் மாட்டிய கல்லை விளிம்பில் இழுத்துத் தேய்க்க வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு ரகம்தான். ஒரே அச்சில் வார்த்துப் பல பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். கோத்தகிரியில் எங்களுக்குச் சின்ன ஹோம்ஸ்டே, கூடவே கொஞ்சம் தேயிலை. சீசன் வந்துவிட்டால் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று விடிந்ததிலிருந்து வெட்டுதான். கூர் மழுங்கினால் சமையல் அக்காவின் முகமே சொல்லிவிடும்.

மலிவு ரகத்தில் என்னைப் படுத்துவது கிளாம்ப்தான். ஒரு பக்கம் தீட்டி முடித்ததும் திருகைத் தளர்த்தி, கத்தியைக் கழற்றி, புரட்டி, மறுபடி மாட்ட வேண்டும். ஆரம்பத்தில் இது பெரிதாகத் தெரியாது. கடைசியில் பிசிறு எடுக்கும்போதுதான் எரிச்சல் வரும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய இரும்பு ஒதுங்கி நிற்கும், விரல் நுனியால் தடவினால் சுரசுரவென்று தட்டும். அதை எடுக்க இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் கத்தி அதே இடத்தில் உட்காராது. முதுகிலிருந்தே மெலிந்து வரும் கத்தியாக இருந்தால் கிளாம்புக்குள் வழுக்கவும் செய்யும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் கொஞ்சம் பிடிக்கும்.

குன்னூரில் ஒரு நண்பர் வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட் என்ற ஸ்டாண்டு வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுக்க அதை இரவல் வாங்கி வைத்திருந்தேன். 15 முதல் 30 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியாகத் திருகி வைக்கலாம். கிளாம்பைக் கத்தியோடு அப்படியே புரட்டிவிடலாம். 320, 600 கிரிட் (சொரசொரப்பின் அளவு, எண் கூடினால் நைசு) டைமண்ட், அப்புறம் மெல்லிய செராமிக் என மூன்று முகமும் ஒரே கட்டையில். அந்தக் கிளாம்ப் சுகத்துக்குப் பழகியபின் என்னுடையதற்குத் திரும்புவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வேலை நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆனால் தீட்டி முடித்த கத்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்கியது, என் ஸ்டாண்டில் தீட்டியதும் அப்படித்தான் இறங்கும்.

அதற்கும் மேலே போனால் விக்கெட் எட்ஜ், ஹாப்ஸ்டோன், டிஎஸ்புரோஃப் மாதிரியான கருவிகள். விக்கெட் எட்ஜில் கத்தி செங்குத்தாக நிற்கும், இரண்டு பக்கமும் கம்பி, புரட்டும் வேலையே கிடையாது. விலையெல்லாம் நூற்றுக்கணக்கான டாலர். கூரியரும் சுங்கவரியும் அதற்கு மேலே.

இவ்வளவு கொடுத்தால் கோணம் துல்லியமாக இருக்கும் என்பதுதான் விளம்பரம். அதில் பாதிதான் உண்மை. கம்பி எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டில் தாராளமாகச் சுழன்றால், நேரான விளிம்பு முழுக்கக் கோணம் மாறவே மாறாது. மலிவு ரகத்திலும் அப்படித்தான். விளிம்பு வளைந்து நுனிக்குப் போகும் இடத்தில்தான் மாறும், அது விலை கூடிய கருவிக்கும் பொருந்தும். கத்தியை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது உடனே தெரியும்.

கவனிக்க வேண்டியது கல்லின் தடிமன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், மூட்டிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் கோணம் 1 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். கல் மாற்றும்போதெல்லாம் காந்தக் கோணமானியை ஒட்டி உயரத்தைச் சரிசெய்தால் போதும். வீட்டு ஸ்டெயின்லெஸ் கத்திகளை நான் 20 டிகிரியில்தான் வைக்கிறேன். அந்த மென்மையான இரும்பை 15க்கு இறக்கினால், முதல் நாள் ஜோராக இருக்கும், அப்புறம் விளிம்பு மடங்கிவிடும்.

இதையெல்லாம் அலசிக்கொண்டிருந்தபோது அக்கா ஒன்று சொன்னார்: “கூர் எல்லாம் சரிதான் தம்பி, ஆனா கேரட் இன்னும் வெடிக்குதே.” ஊட்டிக் கேரட் தடியாக, கெட்டியாக இருக்கும். கத்தி பாதி இறங்கியதும் டக்கென்று பிளந்து ஒரு துண்டு மேடைக்குக் கீழே ஓடும். கூரான விளிம்புக்கும் இது நடக்கும், ஏனென்றால் கோளாறு விளிம்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் தடிமனில். வருடக்கணக்கில் விளிம்பை மட்டும் தீட்டினால் கத்தி தேய்ந்து தேய்ந்து தடித்த பகுதிக்கு ஏறிவிடுகிறது, ஆப்பு மாதிரி காயைப் பிளக்கிறது. விளிம்புக்குப் பின்னால் தடித்த அந்தத் தோள்பட்டையை இறக்க, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். கிளாம்ப் வைத்த கருவிகள் அவ்வளவு கீழே இறங்காது, என்ன விலை கொடுத்தாலும் சரி. சாதாரணச் சாணைக்கல்லை ஈரத்துணி மேல் வைத்து, கையாலேயே ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். அலகெல்லாம் கீறல், பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் கேரட் வெடிப்பது நன்றாகக் குறைந்தது.

கவாத்துக் கத்தியும் அரிவாளும் இந்த ஆராய்ச்சியிலேயே சேராது. உள்வளைவுக்கு நேர்க்கல் உட்காராது. அதற்குப் படகு வடிவக் கைக்கல்தான்.

எனவே இப்போதைக்கு ஸ்டாண்டை மாற்றவில்லை. கூட வந்த கற்கள் சீக்கிரம் குழிந்துவிட்டன, அவற்றைத் தூக்கிப்போட்டு டைமண்ட் கற்கள் வாங்கினேன். 6 அங்குல நீளம், 1 அங்குல அகலம், எட்ஜ் புரோ என்ற கருவியின் பெயரால் எட்ஜ் புரோ அளவு என்பார்கள். நாளைக்கே ஹாப்ஸ்டோன் வாங்கினாலும் அதிலும் இவை மாட்டும், காசு வீண் போகாது. நண்பரின் வொர்க் ஷார்ப்பில் இவை நேரடியாகப் பொருந்தாது, அதில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். கடைசிப் பிசிறுக்குப் பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் பேஸ்ட் தடவி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பூஞ்சை பிடிக்கும், அடுப்புப் பக்கமாக மாட்டி வைக்க வேண்டும். இரும்புக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள். இங்கே அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், உருக்கித்தான் பூச வேண்டும்.

அக்கம்பக்கத்தார் கத்திகளும் என்னிடம் வர ஆரம்பித்திருக்கின்றன. அது கூடினால் புரட்டும் கிளாம்ப் உள்ள நடுத்தர விலைக் கருவி ஒன்று வாங்குவேன், அதற்கு மேல் போக மாட்டேன். பழையது யாராவது விற்றால், கத்தியை மாட்டி நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் அசைந்தால், கூடவே எத்தனை கல் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.