அரிசியா, பணமா, கூப்பனா?

லிபர்டேரியன் என்றால் அரசின் அதிகாரம் குறைந்து தனிமனித சுதந்திரம் கூட வேண்டும் என்பவர். அரசு யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்பவர்தான் லிபர்டேரியன் என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. அப்படிப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ரேஷன் கடையை இழுத்து மூடுவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்க ஆள் கிடைக்காத ஊரில் அவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்கும் கேள்விதான் எனக்குச் சுவாரசியம். உதவி செய்வது என்று முடிவாகிவிட்டால், எதைக் கொடுத்தால் அரசு நம் வீட்டுக்குள் குறைவாக மூக்கை நுழைக்கும்?

அவர்களில் பெரும்பாலோர் பணம் என்பார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962இல் முன்வைத்த 'எதிர்மறை வருமான வரி'யின் சாரமும் அதுதான். ஒரு வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவரிடம் வரி வாங்குவதற்குப் பதில் அரசே பணம் தரும். உலையில் என்ன வேகிறது என்று கேட்காது. சர்க்கரை நோய்க்காரருக்குக் கேழ்வரகு வேண்டுமா, பிள்ளைக்கு முட்டை வேண்டுமா என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும், கோட்டையில் இருப்பவருக்குத் தெரியாது. நல்ல வாதம்.

அரிசியாகக் கொடுப்பதில் செலவும் இருக்கிறது. 1965இல் தஞ்சாவூரில் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் நெல் வாங்கி, அரைத்து, கிடங்கில் அடுக்கி, லாரி ஏற்றி முடிப்பதற்குள் ஒரு கிலோ அரிசியின் அடக்கவிலை சுமார் 40 ரூபாய் ஆகிவிடுகிறது. அப்படி வந்த அரிசியில் ஒரு பங்கு இட்லி மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது, மாநில எல்லையும் தாண்டுகிறது. அதைப் பிடிக்க என்றே ஒரு தனிப் போலீஸ் பிரிவு வைத்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால், அரிசியைப் பணமாக்கும் திட்டத்தை மக்களே ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். கமிஷன்தான் அதிகம்.

இதுவரை பணம்தான் முந்துகிறது. நடைமுறையில் என்ன ஆனது?

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் சோதித்துப் பார்த்தார்கள். கிலோ 1 ரூபாய்க்குக் கிடைத்த அரிசியை 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். வித்தியாசம் வங்கிக் கணக்கில் வந்து சேரும். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க இன்னொரு நடை, அப்புறம் கடை. கூலி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. எதிர்ப்பு வலுத்து 2018இல் கைவிட்டார்கள். லிபர்டேரியன் இதைத் தன் கணக்கில் சேர்க்க மாட்டார். அரிசி வாங்கத்தான் என்று கட்டிப்போட்ட பணம் பணமே இல்லை என்பார். அதுவும் சரிதான்.

புதுச்சேரி அவ்வளவு எளிதாகத் தப்பிக்க விடாது. அங்கே 2015 செப்டம்பரிலேயே ரேஷன் அரிசிக்குப் பதில் மத்திய அரசின் நேரடிப் பணம் வந்துவிட்டது. பின்னர் முதல்வர் நாராயணசாமி அரிசிதான் வேண்டும் என்றார், துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024இல் மறுபடி திறந்தன. பணத்தைத் தொட்டுப் பார்த்த ஊரிலும் அரிசிக்கான ஆசை போகவில்லை.

ஏன் என்பதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே 1942 முதல் ரேஷன் அரிசி உண்டு. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன மானியத்தை வெட்டியதும், ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஆண்டே பதவி விலகினார். அதே ஜெயவர்த்தன ஜனாதிபதியாக இருந்தபோது, 1979இல் ரேஷனை நிறுத்திவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். அதாவது, கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் கூப்பன். அதில் அச்சிட்டிருந்த ரூபாய் அப்படியே நின்றது, விலைவாசி மட்டும் ஓடியது. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் வாங்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 1953இல் கடையில் விலையை ஏற்றியபோது நாடே தெருவுக்கு வந்தது. இம்முறை ஏற்றியது யார் என்றே தெரியவில்லை, ஹர்த்தாலும் இல்லை.

லிபர்டேரியன்களோடு எனக்கு இருக்கும் வழக்கு இந்த இடத்தில்தான். அரசை நம்பாதே, அது பணத்தின் மதிப்பைக் கரைக்கும் என்று வருடம் முழுக்கச் சொல்பவர்கள், அதே அரசு எழுதித் தரும் ஒரு ரூபாய்த் தொகையை எப்படி நம்பச் சொல்கிறார்கள்? 20 கிலோ அரிசி பத்து வருடம் கழித்தும் 20 கிலோதான். குறைத்தால் மறுநாளே தராசில் தெரியும். அதற்குப் பதிலாகத் தரும் 600 ரூபாயைக் குறைக்க அரசு எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்.

இன்னொன்றும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. 1997இல் மத்திய அரசு ஏழைகளைப் பிரித்து அட்டை கொடுக்கச் சொன்னபோது தமிழ்நாடு மறுத்து, எல்லோருக்கும் ரேஷன் என்பதிலேயே நின்றது. அதனால் இங்கே அரிசி வாங்க யாரும் தன் வறுமையை ஓர் அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதிகாரியின் கையைச் சுருக்குவதுதான் நோக்கம் என்றால் இது சாதாரண விஷயமா?

ராஜாஜி நினைவுக்கு வருகிறார். 1952இல் சென்னை மாநில முதல்வராக உணவுக் கட்டுப்பாட்டை ஒரே வீச்சில் நீக்கியவர், 1959இல், எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா' ராஜ்யத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தொடங்கியவர். 1967இல் அவர் கூட்டணி வைத்தது, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற திமுகவோடு!

என்னைக் கேட்டால் கூப்பன் முதலில் வெளியே போகட்டும். அதில் அரிசியின் உறுதியும் இல்லை, பணத்தின் சுதந்திரமும் இல்லை. மீதி இரண்டில் எது என்பதை அட்டைக்காரரே ஒவ்வொரு மாதமும் சொல்லட்டும். அரிசி வேண்டாம் என்றால் அந்த மாதத்துச் சந்தை விலையில், கடையிலேயே, கையில் பணம். சந்தை விலை எவ்வளவு என்று யார் அறிவிப்பது? அதற்கும் ஓர் அதிகாரி வேண்டும், அது எனக்கும் தெரியும்.