மகுரா எச்எஸ்33: கேப் தாண்டுகிறவருக்கு இந்தப் பின் பிரேக் சரிப்படுமா?

ட்ரையல்ஸ் என்பது பாறை, திட்டு என்று கால் ஊன்றாமல் சைக்கிளோடு தாவும் விளையாட்டு. அதில் கேப், அதாவது இரண்டு திட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, எட்டவில்லை என்றால் எல்லாரும் முதலில் காலைத்தான் குறை சொல்வார்கள். தொடையில் பலம் போதாது, இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டும் என்பார்கள். பல நேரம் கோளாறு காலில் இருக்காது. பூட்டி நிற்க வேண்டிய பின் சக்கரம் அரை விரற்கடை நழுவியிருக்கும். அது நழுவியதும் இடுப்பு தன் இடத்தை விட்டுப் பின்னால் போகும், மிதிக்கிற கால் அதைச் சரிக்கட்டவே தன் விசையில் பாதியைச் செலவழிக்கும். ஆகவே கேப்பைக் கூட்ட நினைப்பவர் ஜிம்முக்குப் பணம் கட்டுமுன் பின் பிரேக்கைப் பார்ப்பது நல்லது. அந்த இடத்தில் பல ஆண்டுகளாக நிற்கிற பெயர் மகுரா எச்எஸ்33.

மகுரா ஜெர்மன் நிறுவனம். பாட் உராக் என்ற ஊரில் குஸ்டாவ் மாகென்விர்த் 1893-ல் தொடங்கியது. அவர் பெயரின் தலைப்பையும் ஊர்ப் பெயரின் தலைப்பையும் ஒட்டியதுதான் இந்தப் பெயர். சைக்கிளுக்கான ஹைட்ராலிக் ரிம் பிரேக்கை 1987-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எச்எஸ்33 அந்த வம்சம். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் டூரிங் சைக்கிள்கள் சிலவற்றிலும் இதே பிரேக் இருக்கும். லீவரை அழுத்தினால் எண்ணெய் ஒரு சிலிண்டருக்குப் போகும், அங்கிருந்து சின்னக் குறுக்குக் குழாய் வழியாக மறுபக்கச் சிலிண்டருக்குப் போகும். இரண்டு பிரேக் கட்டைகளும் ரிம்மை நேர்க்கோட்டில் நெரிக்கும். கேபிள் இல்லை, ஸ்பிரிங் கை இல்லை, இழுபட்டுத் தளர எதுவும் இல்லை.

டிஸ்க் இருக்கும் காலத்தில் ரிம் பிரேக் எதற்கு என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் விளங்கும். 26 இஞ்ச் சக்கரத்தில் டயரின் ஆரம் சுமார் 33 செ.மீ. கட்டை ரிம்மைப் பிடிக்கும் இடம் சுமார் 27 செ.மீ. 160 மி.மீ. டிஸ்க்கில் பிடி விழும் இடமோ ஏழரை செ.மீ.தான். பிடியில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் ரிம் பிரேக்கில் அது டயரில் 0.6 மி.மீ. ஆகத் தெரியும், டிஸ்க்கில் 2 மி.மீ.க்கு மேல் தெரியும். போதாததற்கு டிஸ்க்கின் பிடி முழுக்கச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து ஸ்போக் கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போக வேண்டும். ரோட்டில் ஓட்டும்போது இதை யாரும் உணரப்போவதில்லை. பாறை விளிம்பில் ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும்போது அந்த 2 மி.மீ. ஊஞ்சல் மாதிரி ஆட்டும்.

நின்ற இடத்திலிருந்து தாண்டும் கேப்பில் ஓடிவந்து எடுக்கும் வேகம் கிடையாது. பின் டயர் விளிம்புக்கு ஐந்து செ.மீ.க்குள், முன் சக்கரம் எதிர்த் திட்டைப் பார்த்துத் தூக்கியபடி. வலது கால் முன்னால் என்றால், வலப்பக்கத்திலிருந்து பார்க்க அந்தப் பெடல் கடிகாரத்தின் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். அதுவரை பிரேக் முழுப் பூட்டு. பிறகு குந்தி, முன் சக்கரத்தைச் சற்றே விழவிட்டு, உடம்பை முன்னே சாய்க்க வேண்டும். சாய்வு தானாக இழுக்கத் தொடங்கும்போது விரலை எடுத்து, உடனே ஒரு கால் சுற்று மிதி. முழங்காலும் இடுப்பும் முழுக்க நிமிர்ந்த பிறகே டயர் விளிம்பை விட்டுக் கிளம்ப வேண்டும். பாதி குந்தலிலேயே குதிப்பதுதான் பரவலான தவறு. காற்றில் முழங்காலை மடக்கிப் பின் சக்கரத்தை மேலே வாங்கி, ஹேண்டில்பாரை முன்னே தள்ளி, டயர் தொடுமுன்பே லீவரை இறுக்கியிருக்க வேண்டும்.

இதில் பிரேக்குக்கு மூன்று வேலை: பிடி, விடு, மறுபடி பிடி. எச்எஸ்33-இன் உண்மையான சிறப்பு நடுவில் உள்ள ‘விடு’. பிடிக்கிற பிரேக்குகள் நிறைய உண்டு. விரலை எடுத்த நொடியில் ஒட்டாமல் உராயாமல் விலகுகிறவை குறைவு. தாமதமாக விலகும் பிரேக்கில் மிதியும் பூட்டும் மல்லுக்கு நிற்கும். சைக்கிள் மேலே எழும்பும், முன்னே போகாது. அதற்குப் பயந்து சீக்கிரமே விரலை எடுத்தால் சக்கரம் விளிம்பில் உருண்டு, முன் சக்கரம் குழிக்குள் தலை கவிழும். ஆகவே கட்டை ரிம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது ருசிக்கு விட்ட விஷயமல்ல. பக்கத்துக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். லீவரில் உள்ள குமிழைக் கையால் திருகியே இதைக் கூட்டிக் குறைக்கலாம்.

இனிக் கசப்பான பகுதி. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் இந்தப் பிரேக் ட்ரையல்ஸுக்கு உதவாது. வழவழப்பான ரிம்மில், கூட வரும் கறுப்புக் கட்டை பயணத்துக்குப் போதும், பின் சக்கரத்தில் துள்ளுவதற்குப் போதாது. வழி இரண்டு. ஒன்று, ஆங்கிள் கிரைண்டரால் ரிம்மின் பக்கச் சுவரில் பொடிப்பொடியாகக் குறுக்குக் கீறல் போட்டு, அதற்கென்று விற்கும் கடினமான கட்டையை மாட்டுவது. ஈரத்திலும் ஓரளவு கடிக்கும். ஆனால் கிறீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கும், கீறல் மழுங்கினால் மறுபடி போட வேண்டும், ஒவ்வொரு முறையும் சுவர் மெலியும். கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், டயர் உட்காரும் மேல் விளிம்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, கீறாத ரிம்மில் கட்டித் தாரை லேசாகத் தேய்ப்பது. ஆமாம், ரோடு போடும் அதே தார்தான். காய்ந்திருக்கும்போது பிடி அபாரம், ஒரு சாரல் பட்டால் அம்போ. மழை பெய்கிற நாட்டில் போட்டிக்குப் போகிறவர் கீறல் பக்கம் போவதுதான் புத்தி.

கட்டையின் முதுகு பிளாஸ்டிக்காக இருந்தால் அலுமினிய முதுகுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் வளையும், வளைகிற அளவுக்கு லீவர் கஞ்சி மாதிரி இருக்கும். கட்டை முழு நீளமும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட வேண்டும், மேல் விளிம்பு டயரை உரசக் கூடாது. அடுத்து சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்). ஒருவரை லீவரை நன்றாக அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். பின் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் சட்டக் கம்பிகள் இரண்டும் ஒரு மி.மீ.க்கு மேல் விரிந்தால் உங்கள் விரல்பலம் ரிம்முக்குப் போகாமல் சட்டத்தை வளைக்கப் போகிறது. அதற்குக் குதிரை லாட வடிவில் ஒரு பூஸ்டர் தகடு உண்டு. இரண்டு பக்கத்தையும் இணைத்து முறுக்கினால் முடிந்தது.

லீவர் பஞ்சாக இருந்தால் உள்ளே காற்று. கீழ்ச் சிலிண்டரிலிருந்து சிரிஞ்சால் எண்ணெயை மெதுவாக மேலே தள்ளி, லீவரின் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். லீவர்த் துளைதான் மொத்தத்திலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். எவ்வளவு தள்ளியும் சரியாகவில்லை என்றால் குமிழி குறுக்குக் குழாயின் வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளை இருபக்கமும் சாய்த்து, குழாயை விரலால் தட்டிக்கொண்டே தள்ளுங்கள். மகுரா தரும் எண்ணெய் ராயல் பிளட், மினரல் வகை. கார், பைக் பிரேக்குக்கு ஊற்றும் டாட் திரவத்தை ஊற்றினால் சீல்கள் ஊதிப் பாழாகும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஏற்றுகிறவர்களும் உண்டு. எண்ணெயைவிட நீர்த்தது என்பதால் லீவர் சட்டென்று திரும்பும், குளிரில் இறுகாது. ஆனால் உறைபனி நாட்டில் கூலன்ட் கலக்காவிட்டால் உறையும், உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். நிறுவனம் சொல்லாத வைத்தியம், உங்கள் பொறுப்பு.

எல்லாம் மாட்டியபின் நழுவுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். கட்டையின் ஓரத்துக்கு நேராக ரிம்மில் ஒரு கோடு, அதே கோட்டை டயரின் பக்கவாட்டுக்கும் நீட்டுங்கள். லீவரை விடாமல் பின் சக்கரத்தில் ஐந்து துள்ளல். ரிம் கோடு கட்டையை விட்டு நகர்ந்திருந்தால் பிரேக் நழுவுகிறது. ரிம் கோடு அப்படியே இருந்து டயர் கோடு மட்டும் விலகியிருந்தால் காற்று குறைவு, டயரே ரிம்மில் சுற்றுகிறது. 18 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 20, 22 என்று ஏற்றிப் பாருங்கள். இரண்டும் நகரவில்லை, ஆனால் கேப் இறங்கும் இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு மேல் கறுப்புத் தேய்ப்பு விழுகிறது என்றால் பிரேக் நிரபராதி. உடம்பு பின்தங்கி இறங்குகிறது, ஹேண்டில்பாரை முன்னே தள்ளவில்லை.

பிரேக்கால் சரி செய்ய முடியாத ஒன்று பெடலின் வெட்டி ஆட்டம். 175 மி.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) முன் ஃப்ரீவீல் (ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சும்மா சுற்றும் பல்சக்கரம்) சுற்றுக்கு 36 கிளிக் என்றால், பெடல் பிடிப்பதற்குள் 10 பாகை, அதாவது 30 மி.மீ. வரை சும்மா போகலாம். 108 கிளிக் என்றால் 10 மி.மீ.தான். ஃப்ரீவீல் பின் ஹப்பில் இருந்தால் கணக்கு மாறும்: 26 இஞ்ச்சில் வழக்கமான 18க்கு 15 கியரில் (முன்னே 18 பல், பின்னே 15), 72 கிளிக் ஹப்பின் 5 பாகை கிராங்கில் நாலேகால் பாகைக்குள் அடங்கிவிடும். விலகலில் இவ்வளவு சுத்தமான பிரேக்கை வாங்கிவிட்டு 36 கிளிக் ஃப்ரீவீலோடு ஓட்டுவது, பட்டு வேட்டிக்குக் கிழிந்த சட்டை.

பயிற்சியைத் தரையிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு சாக்பீஸ் கோடு, நடுவே சைக்கிளின் பாதி நீளம். பத்துக்கு எட்டு முறை பின் டயர் கோட்டைத் தாண்டி நகராமல் நின்றால் ஒரு சாண் கூட்டுங்கள். அதன் பிறகே மரப் பலகைத் திட்டுகளுக்குப் போவது. திட்டில் டயர் விளிம்புக்குப் பத்து செ.மீ. உள்ளே இறங்க வேண்டும். விளிம்பின் மேலேயே இறங்கினால் காற்று குறைந்த டயர் மடிந்து ரிம் நசுங்கும்.

ரிம் நசுங்கினால் இந்தப் பிரேக்கின் பெரிய பலவீனம் வெளியே வரும். சக்கரத்தில் 2 மி.மீ. கோட்டம் விழுந்தாலே கட்டை ஒரு பக்கம் உரசும், ‘விடு’ கெட்டுப்போகும். கோட்டம் எடுக்கத் தெரியாதவர், அல்லது சுவர், படிக்கட்டு என்று தெருவில் ஓட்டும் 24 இஞ்ச் சைக்கிள்காரர் டிஸ்க்கோடு இருப்பதே மேல். தெரு ட்ரையல்ஸில் பெயர்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் டானி மெக்காஸ்கில் ஓட்டுகிற வகைச் சைக்கிள்களில் டிஸ்க் இருப்பது சும்மா இல்லை.

வாங்குவதென்றால் முதலில் உங்கள் சட்டத்தில் பின் சிலிண்டருக்கென்று நான்கு போல்ட் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேபிளில் இயங்கும் வி-பிரேக்கை மாட்டும் முளையில் அடாப்டர் போட்டும் மாட்டலாம்தான். ஆனால் கேப் இறங்கும் அதிர்ச்சியில் சிலிண்டர் அதில் மெல்லத் திரும்பும். கட்டை சாய்ந்து ஒரு மூலை மட்டும் தேயும். பின் பிரேக் எந்தக் கைக்கு என்பதையும் குழாயின் நீளத்தையும் ஆர்டர் போடுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கான குட்டைக் குழாயோடு வந்துவிட்டால், புதுக் குழாய் போட்டு, எண்ணெய் ஏற்றி, சாக்பீஸ் சோதனை வரை எல்லாம் முதலிலிருந்து.