ரூ.38,500 வாங்கிக்கொண்டு பழைய பம்புக்குப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள்! ஊட்டி, குன்னூர் மக்களே உஷார்

நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது. கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லவ்டேல் பக்கம் எங்கள் வீடு. பாய்லரில் காயும் தண்ணீரைப் பம்ப் தள்ளும். அது குழாய் வழியாக ஆறு அறைகளிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போய்ச் சுற்றி வரும். இந்த ஏற்பாடு உள்ள வீடுகள் இங்கே குறைவு, வேலை தெரிந்த ஆள் அதைவிடக் குறைவு. இந்த மாதம் உறைபனி கொட்டத் தொடங்கியதும் ஹாலில் கை வைக்க முடியாத சூடு, கடைசியில் இருக்கும் அம்மா அறையில் மட்டும் ஜில்லென்று இருந்தது. அம்மாவுக்கு 78 வயது, மூட்டுவலி வேறு.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அம்மா அறை ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்து, "அம்மா ரூம்தானே சார் முதல்ல சூடாகணும்" என்றார். "நீங்க மாத்திரை போட்டாச்சாம்மா?" என்றும் கேட்டார். அம்மா அவருக்கு டீயும் வர்க்கியும் கொடுத்தார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். பம்ப் போய்விட்டது, உள்ளே கசடு சேர்ந்திருக்கிறது, புது பம்ப் போட்டு மருந்து ஊற்றி முழுக்கக் கழுவணும் என்றார். 20,000 முன்பணம், முடித்ததும் 18,500. மொத்தம் 38,500 ரூபாய், ரசீதில் வெறும் "சர்வீஸ்".

இரண்டே நாளில் அதே ஜில்லிப்பு. போன் செய்தால், "மலையில காத்து அடர்த்தி கம்மி சார், மெதுவாத்தான் சூடாகும்" என்கிறார். மூடிய குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் அவர் போனே எடுக்கவில்லை. செயலியில் புகார் செய்தால் 24 மணி நேரத்தில் அழைப்போம் என்றார்கள். மூன்று நாள் கழித்து, "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று புகாரையே மூடிவிட்டார்கள். என் போன் என் கையில்தான் இருந்தது!

நேற்று பக்கத்து வீட்டு அண்ணா வந்தார். டீ பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேடியேட்டரின் மேல்பக்கத்தைத் தொட்டார், சில்லென்று இருந்தது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, ஓரத்துச் சின்ன வால்வைக் கால் சுற்றுத் திறந்தார். உஸ்ஸென்று காற்று, அரை நிமிடத்துக்கு மேல். பிறகு தண்ணீர் வந்தது, மை மாதிரிக் கறுப்பாக. "கழுவினா இப்படியாப்பா வரும்?" என்றார். மூடிவிட்டு, பிரஷர் 1.5 பார் வரும்வரை தண்ணீர் ஏற்றி ஓடவிட்டதும் மேல்பாதி சூடாகிவிட்டது. அடிப்பாதி இன்னும் குளிர்தான். கசடு அப்படியே கிடக்கிறது.

பிறகு டார்ச் அடித்துப் பம்பைப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட் நட்டு மேலும் வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் பழைய எண் தெரிந்தது. வீடு கட்டியபோது நான் எடுத்து வைத்த போட்டோவிலும் அதே எண்! 38,500 ரூபாய்க்கு ஒரு டப்பா பெயின்ட்.

விவரமாக எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாக: மேலே குளிர், கீழே சூடு என்றால் பெரும்பாலும் காற்று அடைப்பு. கீழே குளிர் என்றால் கசடு. பாய்லர் பக்கத்து அறை மட்டும் கொதித்தால், அங்கே வால்வைக் கொஞ்சம் குறைத்து தூர அறைகளுக்குத் தண்ணீர் போகவிடுங்கள். பம்ப் எண்ணை இன்றைக்கே போட்டோ எடுங்கள். மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அறை சூடாகாமல் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். நாளை ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். அம்மா இப்போது என் அறையில் ரூம் ஹீட்டர் போட்டுத் தூங்குகிறார். உங்களிடமும் இப்படி யாராவது பெயின்ட் அடித்த பம்பை மாட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.