ஏழு மலையா, எதிரில் இருக்கும் மலையா? சேலத்திலிருந்து மலையேறக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

மாசி பிறந்துவிட்டால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பும். "அண்ணா, இந்த வருஷம் வெள்ளியங்கிரி எப்போ?"

கேட்கிற பையன் தினமும் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்கு வருகிறான். வடக்கே ஏற்காடு இருக்கிற சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை, நடுவே நகரமலை, ஊத்துமலை என்று குட்டிக் கரடுகள். எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கண்ணில் ஒரு மலை முட்டும். இத்தனையையும் விட்டுவிட்டு, கோவை போய், அங்கிருந்து வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டி போய், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஏழு மலை ஏற வேண்டும் என்கிறான். கூட்டம் இருக்கும் என்று தெரியாதவனும் இல்லை. போன வருஷம் திரும்பி வந்து ஒரு வாரம் கூட்டத்தைத்தான் திட்டினான்.

வெள்ளியங்கிரிக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். கஞ்சமலைக்குக் கணக்கில்லை. ஏற்காடு அடிவாரம் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேல் இருக்கும் குண்டூருக்கு ஏறும் பாதையில் இரண்டு முறை. அந்தத் தைரியத்தில் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இதே மாதிரி பக்தர்கள் ஏறுகிற பருவதமலையையும் சதுரகிரியையும் சேர்க்கவில்லை. கூட்டத்தைப் பற்றி அங்கே சொல்ல வேண்டியதெல்லாம் வெள்ளியங்கிரிக்குச் சொன்னதிலேயே அடங்கிவிடும்.

வெள்ளியங்கிரி: கூட்டமே கைவிளக்கு

முதல் முறை போனபோது எனக்கு வயது 22. வீட்டில் கஞ்சமலைக்குத் தனியாகப் போகிறேன் என்றால் அம்மா விடமாட்டார். "பாம்பு, பூச்சி இருக்கும், வழி தெரியாது, எவன் இருக்கான் அங்க?" வெள்ளியங்கிரி என்றதும், "ஊரே போகுதே, பார்த்துப் போய்ட்டு வா" என்று கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். எது கடினமான மலை என்று பார்த்தால் அம்மாவின் கணக்கு தலைகீழ். ஆனால் அவர் பார்த்தது மலையை இல்லை. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறதா என்பதை.

கூட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வழி கேட்க வேண்டாம், முன்னால் போகிற டார்ச் வெளிச்சத்தின் பின்னால் போனால் போதும். தண்ணீர் தீர்ந்தால் யாரோ நீட்டுவார். தொடை பிடித்துக்கொண்டால் முன்பின் தெரியாத ஒருத்தர் உட்கார்ந்து நீவி விடுவார். எல்லாருக்கும் எல்லாரும் "சாமி". இறங்கி வருகிற அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: "இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி." பொய் என்று தெரியும். அடுத்த நாள் இறங்கும்போது நாமும் அதையே சொல்வோம்.

அப்புறம் அந்த ஏழு என்கிற எண். மலையேற்றத்தில் மனசை உடைப்பது தூரம் இல்லை, எவ்வளவு தூரம் என்று தெரியாமல் ஏறுவது. வெள்ளியங்கிரியில் அந்தத் தொல்லை இல்லை. முதல் மலைப் படிக்கட்டில் நாக்கு தள்ளும்போதே, வெள்ளை விநாயகர் வந்துவிட்டால் ஒன்று முடிந்தது என்று கணக்கு இருக்கும். அப்புறம் வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர், பெயருக்கு ஒரு கதை. ஆண்டி சுனையின் குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழுந்தவன் நடுங்கிக்கொண்டே சிரிப்பான். யாரோ எப்போதோ அந்த மலையைத் துண்டு துண்டாக வெட்டி, நம் மூச்சுக்கு ஏற்ற அளவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செலவும் கையைக் கடிக்காது. பஸ் காசு, மூங்கில் தடிக் காசு, வழியில் சுக்குக் காபி. அடிவாரத்தில் பையைச் சோதித்து, தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் காசு திரும்பக் கிடைக்கும்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். சித்ரா பௌர்ணமியன்று போய்ப் பாருங்கள், ஏறுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். நெரிசல்கூடப் பெரிதில்லை, கூட்டம் தருகிற பொய்த் தைரியம்தான் ஆபத்து. வருஷம் முழுக்க மாடிப்படிகூட ஏறாதவர்கள் "எல்லாரும் ஏறுறாங்களே" என்று ஏறிவிடுகிறார்கள். சீசன்தோறும் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் வழியிலேயே சிலர் இறந்துபோகும் செய்தி வருகிறது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. விழுந்தால் தூக்க ஆள் உண்டு என்று அம்மா நினைத்தது சரிதான். ஆனால் ஐந்தாவது மலையிலிருந்து டோலி கட்டி இறக்க எத்தனை மணி நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது.

இன்னொன்று: பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் உள்ள பெண்கள் ஏறுவதில்லை என்பது அங்கே மரபு. ஊரே போகிறது என்கிறோமே, அந்த ஊரில் பாதிப் பேர் கணக்கிலேயே இல்லை.

கஞ்சமலை: கூட்டம் அடிவாரத்தோடு சரி

பழைய பஸ் ஸ்டாண்டில் இளம்பிள்ளை பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் சித்தர் கோவில் வந்துவிடும். அமாவாசையன்று இங்கேயும் எள் போட்டால் எண்ணெய்தான். உடம்பில் மரு, தோல் நோய் உள்ளவர்கள் உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கித் தண்ணீரில் போட்டு வேண்டிக்கொள்வார்கள். சித்தர்கள் உலவிய மலை என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட அண்ணாந்து மலையைப் பார்ப்பதில்லை. கோவில், குளியல், பொரி, பஸ். முடிந்தது. இரும்பாலைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இத்தனை பெரிய மலை அவர்களுக்குப் பின்னணிச் சுவர்தான். மலை பக்கத்தில் இருந்தால் மட்டும் கூட்டம் ஏறிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மேலே போக ஒரு காரணம், போனவர்கள் சொன்ன கதை, தேய்ந்த தடம் மூன்றும் வேண்டும். கஞ்சமலை உச்சிக்கு இந்த மூன்றும் குறைச்சல்.

எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. கஞ்சமலை இரும்பு மலை. காந்தத்தில் ஒட்டுகிற மேக்னடைட் தாது பாறை பாறையாகக் கிடக்கிறது. பட்டறையில் வெள்ளி அரப்பொடியில் கலந்த இரும்புத் தூளை எடுக்க ஒரு காந்தம் வைத்திருப்போம். ஒருமுறை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், ஓடை மணலில் காட்டினேன். கருப்பு மீசை முளைத்த மாதிரி மணல் எழுந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் காட்டியிருக்கலாமே என்றும் தோன்றியது. தனிமையை விரும்பிப் போகிறவனுக்கும் அந்த நிமிஷம் வரும்.

இங்கே தொல்லை வழிதான். ஆடு போன தடமும் ஆள் போன தடமும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஆட்டுத்தடத்தில் போய் முள்ளுக்குள் மாட்டி, இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றேன். பகலாக இருந்ததால் பிழைத்தேன். வெள்ளியங்கிரியில் வழி தவறியவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. தவற வேண்டும் என்று நினைத்தால்கூடக் கூட்டம் விடாது. கஞ்சமலைக்குப் போவதானால் அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, காலை ஆறு மணிக்கே ஏறி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். மேலே நிழல் குறைவு, தண்ணீரை நம்ப முடியாது.

குண்டூர்ப் பாதை: நடந்து போன ஏற்காடு

ஏற்காட்டுக்குக் கூட்டம் வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மே மாதம் கோடை விழா, மலர்க்காட்சி நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை நிற்கும். அடிவாரம் வழியாக ஏறு, குப்பனூர் வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடும். லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்கக்கூட இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஆனால் அவ்வளவு கூட்டமும் தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்ட காலத்தில் மேலே போனவர்கள் நடந்தோ, மட்டக் குதிரையிலோ, டோலியிலோதான் போயிருப்பார்கள். மலைக் கிராமத்துக்காரர்களுக்கு ஒத்தையடிப் பாதைதான் நெடுஞ்சாலை. அந்த மாதிரிப் பாதையில் ஏறினால்தான் ஏற்காடு எவ்வளவு உயரம் என்று கால் சொல்லும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும். காரில் போனால் அது காது அடைப்பதோடு சரி. நடந்து போனால் கீழே முள்செடி, நடுவே மூங்கில், மேலே சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி என்று மரங்களே உயரத்தைச் சொல்லும்.

இங்கேதான் சட்டமும் சமாச்சாரமும் அதிகம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தபிறகு, காட்டுக்குள் நினைத்தபோது போகிற காலம் முடிந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. சேலமும் அந்தப் பட்டியலில் உண்டு. பணம் கட்ட வேண்டும், வழிகாட்டி கூட வருவார். எங்களுக்கு வந்தவர் மலைக் கிராமத்து இளைஞர். காட்டுமாட்டுச் சாணியைக் காலால் தொட்டுப் பார்த்து, "காலையில போனது, இப்ப இல்ல" என்றார். கட்டின பதிவுப் பணத்துக்கு அந்த ஒரு வரியே ஈடாகிவிட்டது.

ஒன்றைக் கவனித்தீர்களா? வெயில் கடுமையாகி, சருகு காய்ந்த மாதங்களில் தீக்குப் பயந்து இந்த மாதிரிப் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த மாதங்கள் அடங்கிய பிப்ரவரி முதல் மே வரைதான் வெள்ளியங்கிரி சீசன். பரீட்சை முடிந்த கல்லூரிப் பையன்கள், கோடை லீவு போட்ட கம்பெனிக்காரர்கள் என்று எல்லாருக்கும் கால் அரிக்கிற நேரத்தில் அந்த மலை திறந்திருக்கிறது. கூட்டத்துக்குப் பக்தி, புகழ், ரீல்ஸ் என்று ஆயிரம் காரணம் சொல்கிறோம். காலண்டரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவரெஸ்ட்டிலும் இதே கதைதான்

2019 மே மாதம் நேபாள மலையேற்ற வீரர் நிர்மல் புர்ஜா எடுத்த படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே, ரேஷன் கடையில் நிற்பதுபோல் கலர் கலராக மனித வரிசை. அங்கேயும் காலண்டர்தான்: காற்று அடங்கி ஏற முடிகிற நாட்கள் மே மாதத்தில் சில மட்டுமே. அந்தப் படத்தைப் பார்த்து மலையேற்றமே வேண்டாம் என்று யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. ஜப்பானில் ஃபூஜி மலையின் யோஷிதா பாதையில் 2024இல் ஆளுக்கு 2,000 யென் கட்டணமும் நாளைக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வைத்தார்கள். அடுத்த வருஷம் கட்டணம் 4,000 யென் ஆனது. வெள்ளியங்கிரிக்கும் அப்படி வைக்கலாமே என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். வரம்பு சரி, கட்டணம் வேண்டாம் என்பது என் கட்சி. நாள் கூலிக்காரனும் முதலாளியும் ஒரே தடியை ஊன்றி ஏறுகிற இடங்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

யாருக்கு எது?

இதுவரை எந்த மலையும் ஏறாத, உடம்பில் கோளாறு இல்லாத ஆணென்றால், வெள்ளியங்கிரியே சரி. வார நாளில், பௌர்ணமி இல்லாத நாளில் போங்கள். முதல் மலைக்குக் கூட்டம் நல்ல வாத்தியார். இரண்டாம் முறையும் அங்கேயே போவதானால் அது பக்திக்காக இருக்கட்டும். மலைக்காக என்றால் வேறிடம் பாருங்கள். குடும்பத்தோடு போக குண்டூர். கஞ்சமலை, வழி தெரிந்தவரோடு, அரை நாள் கையில் இருக்கிறவர்களுக்கு. பணம் மிச்சம், பஸ் அலைச்சல் இல்லை, மத்தியானத்துக்குள் ஊருக்கு வந்து தட்டுவடை செட் சாப்பிடலாம்.

கால்வலி மூன்றிலும் உண்டு. பெரிய வித்தியாசம் திரும்பி வந்தபிறகுதான் தெரியும். "வெள்ளியங்கிரி போனேன்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். "ஏழாவது மலை காத்து எப்படி? ஆண்டி சுனையில குளிச்சியா?" பாதிக் கதை கேட்பவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேர் பெற்ற மலைக்கு ஜனம் ஓடுவதில் முக்கால் பங்கு இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பேர் இல்லாத மலைக்குப் போனவன் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்க ஆளும் கிடைக்க வேண்டும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நான் சொன்ன ஏழு மலைக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். "நானும் வரேன்" என்று கேட்டபோது மரபைச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். போன ஐப்பசியில் குண்டூர்ப் பாதைக்குக் கூட்டிப் போனேன். அட்டையை உப்புப் போட்டு எடுத்தாள், காட்டுமாட்டுக் குளம்புத் தடத்தில் தன் செருப்பை வைத்து அளந்தாள், மேலே வந்து சேலத்தைப் பார்த்து எங்கள் தெருவைத் தேடினாள். திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு மூட்டைக் கதை வைத்திருந்தாள்.

சாயங்காலம் வந்தவளிடம், "என்னம்மா, சொன்னியா?" என்றேன்.

"ஏற்காட்டுக்கு நடந்தே போனேன்னு சொன்னேன்ப்பா."

"என்ன சொன்னாங்க?"

"ஏன், பஸ் வரலையான்னு கேட்டாங்க."